பிறந்த குட்டியின் கல்லீரலும் கொலஸ்ட்ராலும்: அடிக்கடி வரும் கேள்விகள்

கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு உயிர்வேதியியல் எடுக்கிறேன். கொலஸ்ட்ரால் பாடம் முடிந்ததும் வருடா வருடம் அதே கைகள் உயரும், அதே சந்தேகங்கள் வரும். வெளியிலும் விடுவதில்லை, "குழந்தைக்கு இப்பவே கொலஸ்ட்ரால் பார்த்துடலாமா?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். விலங்கின் பெயர் சொல்லாத இடத்தில் ஆய்வக எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் அதிகம் அளந்து பார்க்கப்பட்டது எலிதான்.

1. பிறந்த குட்டிக்குப் போய் கொலஸ்ட்ரால் எதுக்கு சார்? அது கெட்டதுதானே?

பெரியவர்களின் ரத்தக்குழாயில் படிந்தால் கெட்டது. வளரும் உடம்புக்கு அது கட்டுமானப் பொருள். ஒவ்வொரு செல்லின் மேற்சவ்விலும் கொலஸ்ட்ரால் வேண்டும். கார்டிசால், பாலின ஹார்மோன்கள், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன.

பிறக்கும்போது சுமார் 6 கிராம் இருக்கும் எலிக்குட்டி, மூன்று வாரத்தில் 50 கிராமை நெருங்கிவிடும். அத்தனை புதுச் செல்லுக்கும் சவ்வு கட்ட வேண்டும். கொலஸ்ட்ரால் இல்லாமல் அது நடக்காது.

2. வயித்துல இருக்கும்போது அம்மா கொடுக்குறாங்களா, குட்டியே தயாரிச்சுக்குதா?

இரண்டும் நடக்கிறது. நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் கொலஸ்ட்ரால் கொஞ்சம் கருவுக்குப் போகிறது. ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்று மனிதர்களில் ஒரு பிறவிக் குறைபாடு உண்டு. கொலஸ்ட்ரால் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் நொதி அதில் பழுது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளின் உடம்பிலும் ஓரளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது. அதில் ஒரு பங்கு தாயிடமிருந்து வந்தது. ஆனால் தாயின் பங்கு மட்டும் போதாது என்பதும் அந்தக் குழந்தைகளின் நிலையைப் பார்த்தாலே தெரியும்.

மீதியைக் கருவே தயாரித்துக்கொள்கிறது. எலியில் பிரசவத்துக்கு முந்தைய நாட்களில் கருவின் கல்லீரல் மும்முரமாகக் கொலஸ்ட்ரால் தயாரிக்கும். கருவின் கல்லீரல் அப்போது ரத்த அணுக்களையும் உற்பத்தி செய்துகொண்டிருக்கும். ஒரு கிராம் கருக் கல்லீரலை எடுத்து அரைத்தால் அதில் கல்லீரல் செல் மட்டும் இருக்காது, ரத்த அணுக்களின் முன்னோடிகளும் கலந்திருக்கும். பழைய கட்டுரைகளில் 'ஒரு கிராமுக்கு இவ்வளவு' என்று வரும் எண்களைப் படிக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

3. சரி, பிறந்ததும் கல்லீரல்ல என்னதான் மாறுது?

இந்தப் பக்கத்துக்கே ஆணிவேரான கேள்வி இது. கொலஸ்ட்ரால் தயாரிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் நொதியின் பெயர் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ். கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டேடின் மாத்திரை அடக்குவது இதைத்தான். இந்த நொதியைப் பின்தொடர்ந்தால் கதை பிடிபட்டுவிடும்.

எலியின் கர்ப்பகாலம் சுமார் 22 நாள். பிரசவத்துக்கு முன் கருவின் கல்லீரலில் ரிடக்டேஸ் உயரத்தில் இருக்கும். பிறந்ததும் இறங்கும். குட்டி பாலை மட்டும் நம்பியிருக்கும் காலம் முழுவதும் தரையோடு தரையாகவே கிடக்கும். இரண்டு வாரத்தில் குட்டி கண் திறக்கும். அதற்குச் சில நாள் கழித்து அம்மாவின் தீவனத்தைக் கொறிக்க ஆரம்பிக்கும். 21ஆம் நாள் வாக்கில் பால்குடி மறக்கும். அந்தச் சமயத்தில் ரிடக்டேஸ் மறுபடி ஏறும். 1970களின் தொடக்கத்திலேயே இந்த ஏற்ற இறக்கத்தை அளந்துவிட்டார்கள்.

ஆக இது நேராக மேலே போகும் 'முதிர்ச்சி' கிடையாது. உச்சம், பள்ளம், மறுபடி உச்சம். மாணவர்கள் பலர் தேர்வில் 'பிறந்த பின் படிப்படியாக அதிகரிக்கிறது' என்று எழுதி மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

4. பால் குடிக்கிறப்போ ஏன் தயாரிப்பு நிக்குது? கல்லீரலுக்கு எப்படித் தெரியும்?

எலிப்பால் கெட்டியானது, பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்பு, கூடவே கொலஸ்ட்ராலும். குட்டியின் குடலில் அது உறிஞ்சப்பட்டு, கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துகள்களில் ஏறி, கடைசியில் மிச்சமாகக் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது.

கல்லீரல் செல்லுக்குள் எஸ்ஆர்இபிபி-2 என்ற புரதம் ஒன்று எண்டோபிளாச வலை என்ற உள்சவ்வு வலைப்பின்னலின் சவ்வில் கட்டுண்டு கிடக்கும். அந்தச் சவ்வில் கொலஸ்ட்ரால் குறைந்தால், அது அங்கிருந்து கால்ஜி என்ற செல் உறுப்புக்குப் போய், வெட்டுப்பட்டு, ஒரு துண்டு உட்கருவுக்குள் நுழைந்து ரிடக்டேஸ் மரபணுவை முடுக்கிவிடும். கொலஸ்ட்ரால் நிறைய இருந்தால் இருந்த இடத்தைவிட்டு நகராது. சவ்வில் கொலஸ்ட்ரால் கூடும்போது ரிடக்டேஸ் புரதமும் சீக்கிரம் சிதைக்கப்பட்டுவிடும். பால் வழியாகக் கொலஸ்ட்ரால் வந்துகொண்டே இருப்பதால் தயாரிப்பு அடங்கிக் கிடக்கிறது.

பால் மட்டும்தான் காரணம் என்று முடித்துவிடாதீர்கள். தொப்புள்கொடி அறுந்ததும் தாயிடமிருந்து வந்த குளுக்கோஸ் நின்றுவிடுகிறது. இன்சுலின் இறங்கி, ரத்தச் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் எகிறுகிறது. இன்சுலின் ரிடக்டேஸைத் தூண்டும், குளுக்ககான் அடக்கும். முதல் சில மணி நேர மாற்றத்தில் ஹார்மோன்களின் பங்கு உண்டு. அடுத்த மூன்று வாரம் பாலின் கை ஓங்கியிருக்கும்.

5. தயாரிப்பு குறையுதுன்னா ரத்தத்துல கொலஸ்ட்ரால் ஏன் ஏறுது? கணக்கு உதைக்குதே!

உதைக்கவில்லை. உள்ளே வருவது, உள்ளே தயாராவது, வெளியே போவது என்று மூன்று கணக்கு இருக்கிறது. தயாரிப்பு குறைந்தாலும் வரவு பலமாக இருக்கிறது. செலவு இன்னும் சரியாகத் தொடங்கவில்லை (அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்). இன்னொன்று, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் ('கெட்ட கொலஸ்ட்ரால்' என்பார்கள்) துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பியும் அதே எஸ்ஆர்இபிபி-2 சொல்படிதான் நடக்கும். இந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததை ஒட்டிய ஆய்வுகளுக்குத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் நிறைந்திருந்தால் தயாரிப்போடு சேர்ந்து ஏற்பியும் குறையும்.

அதனால் பால்குடிக்கும் எலிக்குட்டியின் ரத்தக் கொலஸ்ட்ரால் தாயினுடையதைவிட அதிகமாகவே இருக்கும். பால் மறந்ததும் இறங்கும். கன்றுக்குட்டியிலும் தொடக்கம் இதே மாதிரிதான். பிறந்தவுடன் எடுத்த ரத்தத்தில் மிகக் குறைவு. சீம்பாலும் பாலும் குடிக்கக் குடிக்கச் சில வாரங்களில் பல மடங்கு ஏறும். மனிதக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 60 முதல் 70 மில்லிகிராம் போல இருக்கும். அதில் 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல்லின் பங்கு பெரியவர்களைவிடக் கணிசமாக அதிகம். பிறந்த சில நாட்களிலேயே எல்டிஎல் ஏறத் தொடங்கிவிடும்.

6. அந்தச் செலவுக் கணக்கு எப்ப ஆரம்பிக்கும்?

கொலஸ்ட்ராலின் வளையங்களை உடைத்து எரிக்க விலங்குகளின் உடம்பில் வழியில்லை. அப்படியே பித்தநீரில் தள்ள வேண்டும், இல்லையென்றால் பித்த அமிலமாக மாற்றித் தள்ள வேண்டும். மாற்றும் வேலையின் முதல் படியைச் செய்வது கொலஸ்ட்ரால் 7-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ்; மரபணுவின் பெயரைக்கொண்டு சிஒய்பி7ஏ1 என்பார்கள். எலிக்குட்டியில் பால்குடிக் காலத்தில் இது குறைவு, பால் மறக்கும் சமயத்தில் ஏறும்.

கல்லீரலை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். குடலின் கடைசிப் பகுதியில் பித்த அமிலத்தைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்பும் கடத்தி ஒன்று இருக்கிறது. எலியில் மூன்றாவது வாரம் வரை அது ஏறக்குறைய இல்லை. அப்புறம் திடீரென்று வந்து நிற்கும். அதே வாரத்தில் ரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனும் தைராய்டு ஹார்மோனும் ஏறுகின்றன. முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் கடத்தியும் முன்கூட்டியே வந்துவிடுகிறது. 4ஆம் கேள்வியில் ரிடக்டேஸ் உணவைப் பார்த்து நடந்ததே, அந்த மாதிரி இது முழுக்க உணவைப் பார்த்து நடப்பதில்லை. இதற்கு உடம்பின் நாட்காட்டியும் வேண்டும்.

7. அந்த 7-ஆல்ஃபா நொதி இல்லாமலே ஒரு குட்டி பிறந்தா என்ன ஆகும்?

இதைச் சுண்டெலியில் செய்தே பார்த்திருக்கிறார்கள். டாலஸ் நகர ஆய்வாளர்கள் சிஒய்பி7ஏ1 மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றி 1996இல் எழுதினார்கள். குட்டிகள் பிறக்கும்போது பார்க்க ஒழுங்காகவே இருந்தன. முதல் 18 நாளுக்குள் நூற்றில் 85 போலச் செத்துப்போயின. சாவு இரண்டு அலையாக வந்தது. முதல் அலை 1 முதல் 4 நாளுக்குள், இரண்டாவது 11 முதல் 18 நாளுக்குள். பித்த அமிலம் போதாததால் பாலின் கொழுப்பும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் குட்டிக்குச் சேரவில்லை. உடல் ரோமம் எண்ணெய் தடவினாற்போலப் பிசுபிசுத்தது, தோல் தடித்தது, பார்வை கெட்டது.

பாலூட்டும் தாய்க்கு வைட்டமின் கொடுத்தார்கள்: முதல் அலைச் சாவு நின்றது. பித்த அமிலம் கொடுத்தார்கள்: இரண்டாவது அலை நின்றது. ஒரே குறைபாடு, ஆனால் முதல் வாரத்தில் கொல்வது ஒன்று, இரண்டாவது வாரத்தில் கொல்வது இன்னொன்று. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இது.

மூன்று வாரத்தைத் தாண்டிய குட்டிகளோ மருந்தில்லாமலே தேறிவிட்டன. அந்த வயதில் கல்லீரலில் இன்னொரு நொதி தலையெடுக்கிறது. அது கொலஸ்ட்ராலை நேராகத் தொடாது; ஆக்சிஸ்டெரால் என்ற வழிப்பொருளைப் பிடித்து, மாற்றுப் பாதையில் பித்த அமிலம் தயாரிக்கும். அதன் பெயர் சிஒய்பி7பி1. மாற்றுப் பாதை திறந்ததும் பிழைத்துக்கொண்டன.

8. அப்ப மனுஷக் குழந்தைக்கும் இதே வரிசைதானா?

இல்லை. மனிதக் குழந்தையில் வரிசை கிட்டத்தட்டத் தலைகீழ். மாற்றுப் பாதைதான் முதலில் கைகொடுக்கிறது. 1998இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில், சிஒய்பி7பி1 பழுதான ஒரு பச்சிளம் குழந்தைக்குப் பித்தநீர் தேங்கிக் கல்லீரல் சுருங்கும் அளவுக்குப் போனது பதிவாகியிருக்கிறது. சிஒய்பி7ஏ1 வந்து காப்பாற்றவில்லை. அந்த வயதில் மனிதக் கல்லீரலில் அது இன்னும் தலைகாட்டுவதில்லை. சிஒய்பி7ஏ1 இல்லாத பெரியவர்களும் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் குழந்தையிலேயே சாகவில்லை. எல்டிஎல் அதிகம், ஸ்டேடினுக்குச் சரியாக மசியவில்லை, அவ்வளவுதான்.

பித்தநீர் ஓட்டமும் பிறந்த குழந்தைக்கு மந்தம்தான். உடம்பிலுள்ள மொத்தப் பித்த அமிலம், உடலளவுக்குப் பார்த்தால் பெரியவர்களில் பாதியளவே. ரத்தத்தில் பித்த அமில அளவு முதல் சில மாதம் உயர்ந்தே இருக்கும். இது நோய் இல்லை. அதற்காக, மலம் வெளுத்து வந்தாலோ இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை தொடர்ந்தாலோ 'சின்னக் குழந்தைக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

9. கோழிக்குஞ்சு பாலே குடிக்காதே, அதுக்கு எப்படி?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. 21 நாள் அடைகாப்பில், கடைசி வாரத்தில் குஞ்சு மஞ்சள் கருவின் கொழுப்பை வேக வேகமாக இழுத்துக்கொள்ளும். எரிசக்திக்குப் பெரும்பாலும் அதைத்தான் எரிக்கிறது. கூடவே வரும் கொலஸ்ட்ராலைக் கொழுப்பு அமிலத்தோடு இணைத்து எஸ்டராக்கிக் கல்லீரலில் அடுக்கி வைக்கும். அன்றைக்குப் பொரித்த குஞ்சைத் திறந்து பார்த்தால் கல்லீரல் நாம் எதிர்பார்க்கும் சிவந்த பழுப்பில் இருக்காது, பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் நோய் என்று எழுதிவிடுவார்கள். கொழுப்பும் மஞ்சள் கருவின் நிறமிகளும் ஏறியிருப்பதால் வரும் நிறம் அது. வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள் கருப் பையும் இருக்கும். நாலைந்து நாளில் கரைந்துவிடும்.

இத்தனை கையிருப்பு இருக்கும்போது தயாரிப்பு எதற்கு? முட்டைக்குள் குஞ்சின் கல்லீரலில் ரிடக்டேஸ் மிகக் குறைவு. பொரித்து, கையிருப்பு கரையக் கரைய, தானியத் தீவனத்தில் கொலஸ்ட்ரால் கிடைக்காத நிலையில், அது ஏறுகிறது. எலிக்குட்டியின் பால்குடிக் காலத்தைக் குஞ்சு முட்டைக்குள்ளேயே முடித்துவிடுகிறது என்று பார்த்தால் 3ஆம் கேள்வியின் விதி இங்கேயும் பொருந்தும்.

10. எலியில பார்த்ததை மத்த விலங்குக்கு அப்படியே சொல்லலாமா?

தயாரிப்பு வரவைப் பார்த்து நடக்கும் என்பதைச் சொல்லலாம். நாள் கணக்கைச் சொல்லக் கூடாது. எலி ரோமமின்றி, கண் மூடிப் பிறக்கிறது. கினிப்பன்றி முழு ரோமத்தோடு, கண் திறந்து பிறந்து, ஓரிரு நாளில் புல் கடிக்கிறது. எலிக்கு மூன்றாவது வாரத்தில் நடக்கும் பல மாற்றங்கள் கினிப்பன்றிக்குத் தாய் வயிற்றிலேயே நடந்து முடிந்திருக்கும். எனவே 'பிறந்து 10 நாள்' என்பதை இரண்டுக்கும் ஒரே வயதாக எடுத்துக்கொள்ள முடியாது.

வளர்ந்த பிறகும் வித்தியாசம் உண்டு. எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் சுமப்பது எச்டிஎல். மனிதரிலும் கினிப்பன்றியிலும் எல்டிஎல். கொலஸ்ட்ராலைத் தின்னக் கொடுத்தால் எலி சிஒய்பி7ஏ1ஐ ஏற்றிப் பித்த அமிலமாக்கி வெளியே தள்ளிவிடும். மனிதரிடம் அந்தச் சாமர்த்தியம் இல்லை.

11. கீட்டோனும் எச்எம்ஜி-கோஏ-விலிருந்துதானே வருது? ரெண்டுக்கும் போட்டி வராதா?

நல்ல கேள்வி, தேர்விலும் கேட்பேன். கீட்டோன் என்பது கொழுப்பை எரிக்கும்போது கல்லீரல் தயாரிக்கும் எரிபொருள். எச்எம்ஜி-கோஏ என்பது ரிடக்டேஸ் கைவைக்கும் இடைப்பொருள். பெயர் ஒன்றானாலும் அது உருவாகும் இடம் இரண்டு. செல்லின் உள்திரவமான சைட்டோசாலில் உருவாவது கொலஸ்ட்ராலுக்குப் போகும். செல்லின் எரிசக்திக் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உருவாவது கீட்டோனாகும். இரண்டையும் தயாரிக்கும் சிந்தேஸ் நொதிகள் வெவ்வேறு மரபணுக்களிலிருந்து வருபவை. பிறந்ததும் எலிக்குட்டியில் மைட்டோகாண்ட்ரியா சிந்தேஸ் சட்டென்று ஏறுகிறது, கொழுப்பு மிகுந்த பாலை எரித்துக் கீட்டோன் தயாரிக்க. அதே நேரத்தில் கொலஸ்ட்ரால் பக்கம் அடங்குகிறது.

அந்தக் கீட்டோன் போகும் இடங்களில் ஒன்று மூளை. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். பால்குடிக்கும் எலிக்குட்டியின் மூளை, கல்லீரல் அனுப்பிய கீட்டோனை எரிப்பதோடு நிற்காமல் அதிலிருந்தே கொலஸ்ட்ராலும் கட்டுகிறது. கல்லீரல் தன் தயாரிப்பை நிறுத்தியிருக்கும் அதே நாட்களில் மூளையில் மும்முரம். 'பிறந்த பின் கொலஸ்ட்ரால் தயாரிப்பு குறைகிறது' என்று எழுதும்போது எந்த உறுப்பில் என்று சேர்த்து எழுதுங்கள்.

12. குட்டியிலேயே கொலஸ்ட்ரால் பழக்கினா பெருசானதும் தானா கட்டுப்படும்னு படிச்சேன். நிஜமா?

1972இல் எலிகளை வைத்து இப்படி ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பால்வழி அதிகக் கொலஸ்ட்ரால் பெற்ற குட்டி, வெளியேற்றும் வழிகளைச் சீக்கிரமே பழக்கிக்கொண்டு பிற்காலத்தில் தப்பித்துக்கொள்ளும் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் செய்த ஆய்வுகள் ஒரே பக்கம் சாயவில்லை. பபூன் குரங்குகளில் நெடுங்காலம் பார்த்தபோது, தாய்ப்பால் குடித்து வளர்ந்தவற்றுக்கு எச்டிஎல் குறைவாக இருந்தது, கருத்துக்கு நேரெதிர்.

மனிதரில் உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: தாய்ப்பாலில் கொலஸ்ட்ரால் கணிசமாக இருக்கிறது, வழக்கமான டப்பாப் பாலில் மிகக் குறைவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அந்தச் சமயத்தில் ரத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருக்கும், உடம்பின் சொந்தத் தயாரிப்பு குறைவாக இருக்கும். 4ஆம் கேள்வியில் சொன்ன அதே தர்க்கம். வளர்ந்த பின் அவர்களின் கொலஸ்ட்ரால் சராசரியாகச் சற்றுக் குறைவு என்று தொகுப்பாய்வுகள் காட்டின. ஆனால் வித்தியாசம் சிறிது. கல்லீரல் 'பழகியதால்'தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

13. அப்ப குழந்தைக்கு இப்பவே டெஸ்ட் எடுக்கணுமா? கொழுப்பு நீக்கின பால் கொடுக்கலாமா?

பொதுவாக வேண்டாம். முதல் இரண்டு வருடம் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், தொப்புள்கொடி ரத்தத்தை வைத்துப் பின்னால் வருவதைக் கணிக்கவும் முடியாது. கொழுப்பு நீக்கிய பாலை இரண்டு வயதுக்குள் வழக்கமாகக் கொடுப்பதில்லை. 1ஆம் கேள்வியில் சொன்ன கட்டுமானம் அப்போதுதான் முழு வேகத்தில் நடக்கிறது.

விதிவிலக்கு, எல்டிஎல் ஏற்பியே பழுதாகிப் பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால். அப்பா, அம்மா, தாத்தா யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், இல்லை ஏற்கெனவே அந்த நோய் உறுதியாகியிருந்தால், குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியதும் பரிசோதிப்பது பற்றிக் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். பெற்றோர் இருவருக்குமே இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

14. எங்க எலிக்குட்டி அளவும் பெரிய எலி அளவும் கட்டுரையோட ஒத்துப்போகலை. எங்க தப்பு பண்றோம்?

கல்லீரலில் ரிடக்டேஸை அளக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் கேட்பது. முதலில் எத்தனை மணிக்குக் கல்லீரலை எடுத்தீர்கள் என்று பாருங்கள். வளர்ந்த எலி இரவில் தின்னும். அதன் ரிடக்டேஸ் நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்குப் போய், பகலில் அதில் ஒரு சிறு பங்காகிவிடும். பால்குடிக் குட்டியில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் சரியாக உருவாகியிருக்காது. காலை பத்து மணிக்கு இரண்டையும் எடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கும், இரவில் எடுத்தால் விரியும். இரண்டு வேளையும் எடுப்பதுதான் சரி.

அடுத்து, கரைசலில் சோடியம் ஃபுளோரைடு போட்டீர்களா? ரிடக்டேஸ் மேல் பாஸ்பேட் ஒட்டினால் அது செயலிழக்கும். ஃபுளோரைடு இல்லாமல் அரைத்தால், செல்லிலுள்ள பாஸ்படேஸ்கள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றி, உயிருள்ள கல்லீரலில் தூங்கிக்கொண்டிருந்த நொதியையும் எழுப்பிவிடும். அப்போது நீங்கள் அளப்பது இருக்கும் நொதி முழுவதையும். ஃபுளோரைடு போட்டால் அந்த நிமிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த நொதி மட்டும் தெரியும். இரண்டு விதமாகவும் அளந்து, எது எது என்று அட்டவணையில் தனித்தனியாகக் குறியுங்கள்.